வீட்டுக் கணக்கு: இந்தக் காசை யார் எடுத்தது?



போன மாதம் ஒரு நாள், அஸர் தொழுது எழும்பிய நேரம். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சகோதரி கையில் இரண்டு கடதாசிகளோடு வந்து நின்றார். முகம் வாடிக் கிடந்தது. அவருடைய கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் காசு மாதா மாதம் இவருடைய பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். கிண்ணியாவில் இப்படி எத்தனையோ வீடுகள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"மச்சான் ராத்திரி போன் எடுத்தார். கணக்கில் மூன்று இடத்தில் காசு போயிருக்காம், அது என்ன என்று கேட்டார். எனக்கே தெரியாது. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

கணவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். ஆனாலும் இவருக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை. உழைத்து அனுப்புகிறவர் ஓரிடம், கணக்குச் சொல்ல வேண்டியவர் வேறிடம். நடுவில் தெரியாத ஒரு பெயரில் காசு போயிருந்தால், முதலில் கூனிக் குறுகுவது கணக்குச் சொல்ல வேண்டியவர்தான். விடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, பன்னிரண்டு வயது மகனைப் பிடித்து உலுக்கியது. அவன் அழுதுகொண்டு "நான் காசு எடுக்கல்ல உம்மா" என்றானாம். அடி விழுந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடதாசிகள் வங்கியில் எடுத்த இரண்டு மாதக் கணக்குக் கூற்று. ஏ.ரி.எம்.மில் காசு எடுத்தது, மின்சாரக் கட்டணம், போன் கட்டணம் எல்லாம் தெரிந்த பெயர்கள். சந்தேகமான மூன்றையும் கணவர் சொன்னபடி சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். மூன்றும் ஆங்கில எழுத்துக்கள், நட்சத்திரக் குறிகள், இலக்கங்கள். ஊர்ப் பெயர்களோ அயர்லாந்து, சிங்கப்பூர் என்று இருந்தன. "நான் திருகோணமலைக்குப் போயே ஆறு மாதம். சிங்கப்பூரில் நான் எப்படிச் சாமான் வாங்கியிருப்பேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

இந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன. உங்கள் வீட்டுக் கூற்றிலும் இவற்றில் ஒன்று இருக்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். கடையின் பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர் கூற்றில் வரவேண்டும் என்பதில்லை. காசு வாங்குகிற கம்பனியின் பதிவுப் பெயர் வரும். அல்லது நடுவில் நின்று காசு வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் வரும். கூகிள் வழியாகப் போன காசென்றால் கூகிள் என்று எழுதி, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அதன் பின் பொருளின் பெயரோ விற்றவரின் பெயரோ இருக்கும். பேபால் வழியாகப் போனாலும் அதே மாதிரிதான். கூற்றில் பெயருக்கென்று இருக்கும் இடம் இருபது சொச்சம் எழுத்துக்கள்தான். அதற்குள் அடங்காத பெயரை வாலை வெட்டியோ உயிரெழுத்துக்களை விழுங்கியோ போட்டுவிடுவார்கள். ஊர்ப் பெயர் நீங்கள் நின்ற ஊர் அல்ல, கம்பனியின் அலுவலகம் இருக்கும் ஊர். திகதியும் குழப்பும். நீங்கள் வாங்கிய நாள் ஒன்று, கணக்கில் பதிவான நாள் ஒன்று. இரண்டுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கலாம்.

தொகையும் அப்படித்தான். நீங்கள் பார்த்த விலை டொலரில், கழிந்தது ரூபாவில். அன்றைய மாற்று விகிதத்தோடு வங்கியின் வெளிநாட்டுக் கொடுப்பனவுக் கட்டணமும் சேரும். 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. இரண்டே மாதத்தில் 360 வரை போனதை நாம் மறக்கமாட்டோம். மாதம் ஐந்து டொலர் சந்தா கட்டியவருக்கு, தான் எதுவுமே மாற்றாமல் 1,000 ரூபா 1,800 ரூபாவாகியது. ஆகவே தொகையை மட்டும் பார்த்து "இது நமது அல்ல" என்று சொல்லிவிட முடியாது.

இனி முதல் வரி. முகநூலின் ஆங்கிலப் பெயரை யாரோ பாதியில் விழுங்கியது போல ஒரு சொல், பக்கத்தில் அயர்லாந்தைக் குறிக்கும் எழுத்துக்கள். ஒரு மாதம் 2,100 ரூபா, அடுத்த மாதம் 3,400 ரூபா. ஒரே தொகையாக இருந்தாலாவது சந்தா என்று நினைக்கலாம். நான் கேட்டேன்: "உங்கள் வீட்டில் யாராவது முகநூலில் வியாபாரம் செய்கிறார்களா?" அவர் இல்லை என்றார். பிறகு சற்று யோசித்து, "தங்கச்சி அபாயா தைத்து விற்கிறாள்" என்றார்.

விடை அங்கேதான் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன் தங்கை தன் அபாயாப் படங்களை நாலு பேர் பார்க்கட்டும் என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார். அவரிடம் அட்டை இல்லை. ராத்தாவிடம் கேட்டு, ராத்தாவும் சரி என்று அட்டை இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். ஒரு தடவைதானே என்று இருவரும் மறந்துவிட்டார்கள். விளம்பரமோ நிறுத்தப்படவில்லை. முகநூல் விளம்பரக் காசு குறிப்பிட்ட ஓர் அளவைத் தொடும்போதோ, மாத முடிவிலோ கழியும். அதனால்தான் தொகை ஏறி இறங்கியது. தங்கை வந்து விளம்பரத்தை நிறுத்தி, அட்டையையும் அதிலிருந்து நீக்கினார். காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு, நமக்கு வேண்டாம்.

இரண்டாவது வரி: கூகிள், நட்சத்திரம், அதன் பின் ஒரு விளையாட்டின் பெயர். 1,560 ரூபா. அதே தொகை ஆறு நாள் இடைவெளியில் மூன்று தடவை.

மகனைக் கூப்பிட்டோம். "நீ காசு எடுத்தாயா?" என்று கேட்காமல், "இந்த விளையாட்டில் ஏதாவது வாங்கினாயா?" என்று கேட்டேன். "வைரம் வாங்கினேன்" என்றான், ஒளிவு மறைவே இல்லாமல். விளையாட்டுக்குள் இருக்கும் வைரம். உம்மாவின் போனில் அட்டை இலக்கம் ஏற்கனவே பதிந்து கிடந்தது. பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினான், வைரம் வந்தது. யாருடைய பணப்பையையும் அவன் திறக்கவில்லை. காலையில் "நான் காசு எடுக்கல்ல" என்று அழுதானே, அது பொய்யல்ல. அவன் அறிந்தவரையில் அது காசே இல்லை. காசு கைமாறுவது கண்ணுக்குத் தெரியாத காலத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இது கிண்ணியாப் பிள்ளையின் குற்றம் மட்டுமல்ல. உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு இதே காரணத்துக்காகப் பெரிய கம்பனிகளையே இழுத்துப் பிடித்தது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் விளையாட்டுக்குள் வாங்கியவற்றுக்காக 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3 கோடி 25 லட்சம் டொலரும், அதே வருடம் செப்டெம்பரில் கூகிள் குறைந்தது 1 கோடி 90 லட்சம் டொலரும் திருப்பிக் கொடுக்க உடன்பட்டன. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பனி 2022 டிசெம்பரில் 24 கோடி 50 லட்சம் டொலருக்கு உடன்பட்டது. தவறுதலாக அழுத்தினாலே காசு போகும்படி பொத்தான்களை அமைத்திருந்தார்கள் என்பது அந்தக் கம்பனி மீதிருந்த குற்றச்சாட்டு. பிள்ளையை உலுக்குவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டாவது வரியில்தான் பெரிய சோதனை வந்தது. தெரிந்த ஒருவர் அந்தச் சகோதரிக்கு ஓர் ஆலோசனை சொல்லியிருந்தார். "மூன்றையும் நான் செய்யவில்லை என்று எழுதி ஒப்பம் வையுங்கள். வங்கி எல்லாவற்றையும் திருப்பித் தரும். அது பெரிய கம்பனி, அவனுக்கு இது தூசு." சகோதரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்படி எழுதலாமா?"

எழுதக்கூடாது சகோதரிகளே. வங்கி தரும் படிவத்தில் "இந்தக் கொடுக்கல் வாங்கலை நானோ என் அனுமதி பெற்றவரோ செய்யவில்லை" என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கும். அதன் கீழ் வைக்கும் ஒப்பம் ஒரு சாட்சி. பொய்ச் சாட்சி எவ்வளவு பாரதூரமானது என்று நமக்குத் தெரியும். எதிரில் இருப்பவன் செல்வந்தன் என்பதால் அது இலேசாகிவிடாது. உலக நடைமுறையாகப் பார்த்தாலும் அது புத்தியில்லாத வேலை. எந்தப் போனில், எந்தக் கணக்கில், எத்தனை மணிக்கு வாங்கப்பட்டது என்பதெல்லாம் விற்றவரிடம் பதிவில் உள்ளது. அவர் அதை வங்கிக்கு அனுப்பினால் முறைப்பாடு தள்ளுபடியாகும். அதோடு போகாது. மெய்யாகவே களவு போன மூன்றாவது வரியையும் வங்கி சந்தேகத்தோடு பார்க்கும்.

உண்மையைச் சொல்லியே கேட்க ஒரு வழி இருக்கிறது. கூகிள் கடையில் வாங்கியதென்றால் அங்கேயே "பணத்தைத் திருப்பிக் கேட்டல்" என்ற பகுதிக்குப் போய், வீட்டுப் பிள்ளை தெரியாமல் வாங்கியது என்ற காரணத்தைத் தெரிவு செய்யலாம். 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிந்தினால் விளையாட்டை உருவாக்கியவரிடமே கேட்கச் சொல்வார்கள். ஆப்பிள் போனிலும் இப்படி ஒரு வழி உண்டு. இவர் பிந்தித்தான் கேட்டார். மூன்றில் கடைசியாக வாங்கியதற்கு மட்டும் காசு திரும்பியது. மற்ற இரண்டும் போனது போனதுதான். அட்டை இலக்கத்தைப் போனிலிருந்து நீக்கி, ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் இரகசிய இலக்கம் கேட்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அந்த இலக்கம் மகனின் பிறந்த வருடமாக இருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சிரித்தார். அதைத்தான் வைக்க நினைத்திருந்தாராம்.

இதோடு சேர்த்து ஒன்று. "ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி அட்டை இலக்கம் கேட்கும் செயலிகள் இருக்கின்றன. எட்டாவது நாள் காசு கழியும். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. சந்தாப் பகுதிக்குள் போய் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஒன்பது வாசல் என்று வைப்பது இந்த வியாபாரத்தின் தந்திரம். அமேசான் கம்பனியின் பிரைம் சந்தா விடயத்தில் இதே குற்றச்சாட்டு எழுந்து, 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் கொடுக்க அந்தக் கம்பனி உடன்பட்டது.

மூன்றாவது வரிதான் மெய்யான களவு. முதலில் 310 ரூபா, ஏறக்குறைய ஒரு டொலர். மூன்று நாள் கழித்து அதே பெயரில் 15,200 ரூபா. பெயரைத் தேடிப் பார்த்தோம். யாருக்கும் தெரியாத ஒரு பொருள் விற்கும் இடம். வீட்டில் ஒருவரும் வாங்கவில்லை. தங்கையையும் கேட்டோம், மகனையும் கேட்டோம், கட்டாருக்கும் கேட்டோம். இல்லை.

அந்த 310 ரூபாவைப் பற்றி வங்கியிலிருந்து குறுந்தகவல் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். சின்னக் காசுதானே என்று விட்டுவிட்டார். இங்கேதான் கவனம் வேண்டும். களவாடிய அட்டை இலக்கம் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் சின்னத் தொகையொன்றை எடுத்துப் பார்ப்பார்கள். யாரும் சத்தம் போடவில்லை என்றால் பிறகு பெரிய கை வைப்பார்கள். (நல்ல கம்பனிகளும் அட்டையைச் சரிபார்க்கச் சின்னத் தொகையொன்றை நிறுத்திவைப்பதுண்டு. ஆனால் அது சில நாட்களில் தானாக மறைந்துவிடும்.) 310 ரூபா போன அன்றே அட்டையை நிறுத்தியிருந்தால் 15,200 போயிருக்காது.

இலக்கம் எப்படி வெளியே போனது என்று கிளறிப் பார்த்தோம். சில வாரங்களுக்கு முன் தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு குறுந்தகவல். உங்கள் பொதி வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று. கட்டாரிலிருந்து ஏதோ வருகிறதாக்கும் என்று நினைத்து அட்டை இலக்கத்தையும், பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கொடுத்திருக்கிறார். இது நாடு முழுக்க நடந்த மோசடி. தபால் திணைக்களமே மக்களை எச்சரித்தது. பொதி வந்தால் தபால்காரர் வீட்டுக்கு வருவார், அல்லது தபால் கந்தோரிலிருந்து அட்டை வரும். போனில் அட்டை இலக்கம் கேட்கமாட்டார்கள்.

அன்று செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்குப் போன் எடுத்து அட்டையை நிறுத்தச் சொன்னோம். அந்த இலக்கத்தை இணையத்தில் தேடாதீர்கள். போலி இலக்கங்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பேசியவரிடம் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதினோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தானே அல்குர்ஆனிலேயே நீளமான வசனம். நாம் ஓதுகிறோம், எழுதுவதில்லை.

மறுநாள் காலையில் வங்கிக்குப் போனோம். போனில் சொன்னது போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லாவிட்டால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், விளங்காமல் ஒப்பம் வைக்காதீர்கள். மூன்றாவது வரியின் இரண்டு தொகைகளை மட்டும் எழுதி, அந்தத் தபால் குறுந்தகவலின் படத்தையும் இணைத்தோம். அதைக் காட்ட அவர் வெட்கப்பட்டார். "ஏமாந்தவள் என்று சிரிப்பார்கள்." சிரித்தால் சிரிக்கட்டும், மறைத்தால்தான் பின்னால் வினை. கொடுத்த எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து, ஒன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கினோம். கவுண்டரில் இருந்த தம்பி முதலில் தயங்கினார், பிறகு குத்திக் கொடுத்தார்.

இதன் பிறகு நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. நம் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் அமைப்பின் வழியாக, விற்றவருடைய வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்கும். விற்றவர் தன் பக்கத்து ஆதாரத்தை அனுப்பலாம். வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். இடையில் தற்காலிகமாகக் காசைக் கணக்கில் போட்டாலும், தீர்ப்பு மாறினால் மீண்டும் கழிப்பார்கள். அதைச் செலவழித்துவிடாதீர்கள். இப்படித் திருப்பிக் கேட்க அந்த அமைப்புகள் வங்கிக்குக் கொடுக்கும் காலம் பொதுவாக 120 நாட்கள். உங்கள் வங்கி உங்களுக்குக் கொடுக்கும் காலம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பயந்து மறைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் அதிலிருந்துதான் கழிகிறது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை, செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அவருக்கு இழப்பே கிடையாது. அது அவர்களுடைய விதி, நம் நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே பொதுவாக, நீங்கள் அறிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் காசுக்கு வங்கி பொறுப்பு, அதற்கு முன் போனது விசாரணையைப் பொறுத்தது. போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தால் வழக்கு மிகவும் பலவீனம். இவர் அதைச் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "உங்கள் காசைத் திருப்பித் தருகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது போன் எடுத்தால் அவனும் அதே கள்வன்தான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

வங்கி பதில் தராமல் இழுத்தடித்தால், அல்லது தந்த பதில் நியாயமில்லை என்றால், இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். போன் இலக்கம் 1935. முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள், முத்திரை குத்திய கொப்பி அப்போது உதவும். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். பெரிய தொகை என்றால் பொலிஸிலும் பதியுங்கள். 2006இன் கொடுப்பனவுக் கருவிகள் மோசடிச் சட்டமும் 2007இன் கணினிக் குற்றச் சட்டமும் இதற்காகத்தான் இருக்கின்றன. பொருள் வந்ததும் காசு கொடுத்து, பொதியைத் திறந்தால் கேட்ட அபாயா இல்லை என்பது வேறு விஷயம். அதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977.

அன்று இரவு அந்தச் சகோதரி கட்டாருக்குப் போன் எடுத்தார். மூன்று வரியையும் ஒன்றுவிடாமல் சொன்னாராம். தங்கைக்கு அட்டை கொடுத்தது, மகனின் வைரம், தபால் குறுந்தகவலில் தான் ஏமாந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். பிறகு கணவர், "அந்தத் தபால் குறுந்தகவல் மாதிரி எனக்கும் இங்கே ஒன்று வந்தது. நானும் அமுக்கப் பார்த்தேன்" என்றாராம்.

15,200 ரூபாவுக்கு வங்கியின் முடிவு இன்னும் வரவில்லை. முறைப்பாட்டு இலக்கம் கொப்பியில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் எடுத்துக் கேட்கிறார், பேசியவரின் பெயரையும் எழுதி வைக்கிறார். வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கும், இணையத்தில் வாங்குவதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் வைத்த இன்னொரு கணக்கும் என்று இப்போது பிரித்துவிட்டார்கள். இணையத்தில் கொடுப்பது அந்த இரண்டாவது கணக்கின் அட்டையை மட்டும்தான். இது கணவரின் யோசனை.